ஹீட் பம்ப் வெளி யூனிட் பராமரிப்பு: கேஸ் சிலிண்டரைத் தூக்கும் முன் காயிலைப் பாருங்கள்

விடுதி, மருத்துவமனை, மாணவர் ஹாஸ்டல், பெரிய சமையல்கூடம் என வெந்நீர் நிறையத் தேவைப்படும் இடங்களில் மொட்டை மாடியில் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி நிற்கும், மேலே பெரிய ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த ஹீட் பம்பின் வெளி யூனிட்டை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஐடிஐ முடித்து ஏசி வேலையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு இப்போதுதான் ஹீட் பம்ப் பக்கம் வருகிறவர்களையும், கட்டடப் பராமரிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஏசி தெரிந்தால் இது சுலபம். ஆனால் ஏசி மட்டும் தெரிந்தவர்கள்தான் இதில் ஒரு இடத்தில் தவறாமல் சறுக்குகிறார்கள், அதனால் அந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஏசியின் வெளி யூனிட் சூட்டை வெளியே தள்ளும். வெந்நீர் ஹீட் பம்பின் வெளி யூனிட் வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சி உள்ளே எடுக்கும், எடுத்த சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபேனுக்கு மேலே கையை நீட்டிப் பாருங்கள், சித்திரை வெயிலிலும் குளுகுளு காற்று வரும். அதாவது வெளியே இருக்கும் காயில் (மெல்லிய அலுமினியத் தகடுகளான ஃபின்களுக்கு நடுவே ஓடும் செம்புக் குழாய்) இங்கே சூட்டை உறிஞ்சும் எவாப்பரேட்டர், சூட்டை விடும் கண்டன்சர் அல்ல. காயில் அழுக்கானால் ஏசியில் ஹை பிரஷர் ஏறும், உடனே அழுக்கு என்று யாருக்கும் தோன்றும். ஹீட் பம்பில் அதே அழுக்கு லோ பிரஷரை இறக்கிவிடும். கேஸ் குறைந்தாலும் லோ பிரஷர்தான் இறங்கும். கேஜ் மாட்டிப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கையில் சிலிண்டர் இருக்கிறது, மேனேஜர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்துகிறார், "கேஸ் கம்மிண்ணே" என்று சொல்லி ஏற்றிவிடுவார்கள்.

தேனிப் பக்கம் ஒரு விடுதியில் இதை நேரில் பார்த்தேன். பங்குனி மாதம், சுற்றி இலவ மரங்களில் காய் வெடித்துப் பஞ்சு பறந்துகொண்டிருந்த நேரம். வெந்நீர் பத்தவில்லை என்று ஏற்கெனவே 2 முறை கேஸ் ஏற்றியிருந்தார்கள். ஏற்றிய அன்று கொஞ்சம் தேறும், நாலு நாளில் பழைய கதை. நான் போனபோது காயிலின் பின்பக்கம் கம்பளி போர்த்தியதுபோல இருந்தது, இலவம் பஞ்சும் தூசியும் சேர்ந்து ஃபின்னே தெரியவில்லை. கழுவினோம். கழுவி ஓட்டினால் அரை மணி நேரத்தில் ஹை பிரஷரில் டிரிப் ஆனது, ஏனென்றால் இப்போது காற்று சரியாகப் போகிறது, உள்ளே கேஸ் அளவுக்கு மேல் இருக்கிறது. கடைசியில் இருந்த கேஸ் முழுவதையும் ரெக்கவரி சிலிண்டரில் எடுத்து, வேக்கம் போட்டு, பெயர்த் தகட்டில் இருக்கும் எடைக்குத் தராசு வைத்துப் புதிதாக ஏற்ற வேண்டியதாயிற்று. ஒரு பிரஷ்ஷும் தண்ணீர்க் குழாயும் முடித்திருக்க வேண்டிய வேலை அது. அந்த விடுதிக்காரர் கொடுத்த பணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அழுக்குக் காயிலால் கரண்ட் எவ்வளவு போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 35 யூனிட் சூடு வேண்டும். கீசர் போட்டால் அந்த 35 யூனிட்டும் கரண்ட்டாகவே போகும். சிஓபி, அதாவது எடுக்கும் கரண்டைப்போல எத்தனை மடங்கு சூடு தருகிறது என்ற எண், 3.5 வரும் ஹீட் பம்ப் அதை 10 யூனிட்டில் முடிக்கும், மிச்சம் காற்றிலிருந்து வருகிறது. அழுக்கால் சிஓபி 2.5க்கு இறங்கினால் அதே தண்ணீருக்கு 14 யூனிட். தினம் 5000 லிட்டர் செலவாகும் இடத்தில் நாளுக்கு 20 யூனிட், மாதத்துக்கு 600 யூனிட் கூடுதல். தண்ணீர் என்னவோ சூடாகத்தான் வருகிறது, அதனால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். பில் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

மேலே ஏறும் முன்

நேரம் பார்த்துப் போங்கள். விடுதியில் விடியற்காலை 4 மணியிலிருந்து 9 மணி வரை வெந்நீர் ஓடும், சாயங்காலம் மறுபடி கொஞ்சம். காலை 11 மணிக்கு மேல், டேங்க் சூடாகி நிரம்பிய பிறகு, கீழே சொல்லிவிட்டு நிறுத்தினால் யாருக்கும் தொந்தரவு இல்லை. தனியாக மாடி ஏறாதீர்கள். ஈரத் தரை, 415 வோல்ட், கைப்பிடிச் சுவர் ஓரம் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன, கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். மழை தூறினால் அன்றைக்கு வேண்டாம்.

கொண்டுபோக வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மென்மையான நைலான் பிரஷ், முடிந்தால் வேக்கம் கிளீனர், சாதாரணத் தோட்டக் குழாய், ஃபின் சீப்பு, ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர், அலன் கீ, கிளாம்ப் மீட்டர், மல்டிமீட்டர், காற்று அளக்க ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், சோப்புத் தண்ணீர், பாலிதீன் ஷீட், பூட்டு, ஒரு நோட்டு. கேஜ் செட்டை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு முறை மாட்டிக் கழற்றும்போதும் கொஞ்சம் கேஸ் வெளியே போகிறது, வால்வு பின் தேய்கிறது. இப்போது வரும் யூனிட்களில் பல பிரஷரையும் வெப்பநிலைகளையும் கண்ட்ரோலர் திரையிலேயே காட்டுகின்றன.

பெயர்த் தகட்டைப் படித்து, கேஸ் என்ன, எத்தனை கிலோ, ஓடும் ஆம்ப்ஸ் எவ்வளவு என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆர்134ஏ, ஆர்407சி, ஆர்410ஏ என்று இருந்தால் தீப்பிடிக்கும் பயம் இல்லை. ஆர்32 மெதுவாகத்தான் என்றாலும் தீப்பிடிக்கும் வகை. ஆர்290 என்றால் அது புரொப்பேன், நன்றாகவே எரியும், காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும். அந்த யூனிட் பக்கத்தில் பீடி, சிகரெட், கிரைண்டர் பொறி எதுவும் கூடாது, அதன் பைப் வேலையைப் பயிற்சி எடுத்தவர்தான் தொட வேண்டும்.

நிறுத்துவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் நேராகப் போய் மெயினை அணைத்துவிடுகிறார்கள். வேண்டாம். குறைந்தது 20 நிமிடம் ஓடியபின் என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதாமல் நிறுத்திவிட்டால், கழுவியதால் என்ன மாறியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. வெளிக்காற்று எத்தனை டிகிரி, இதை நிழலில் அளக்கவும். ஃபேன் தள்ளும் காற்று எத்தனை டிகிரி. யூனிட்டுக்குள் போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர். மூன்று பேஸிலும் ஆம்ப்ஸ். திரையில் ஹை, லோ பிரஷர் இருந்தால் அதுவும். கண்ணால் பார்க்கும்போது காயிலில் பனி பிடித்திருக்கிறதா, எங்கே பிடித்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். போனில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் நிறுத்தும் வரிசை. முதலில் கண்ட்ரோலரில் ஆஃப் செய்யுங்கள், கம்ப்ரஸர் நின்று, பம்பும் நிற்கும் வரை பொறுங்கள், அதன் பிறகு யூனிட்டின் மெயின் ஸ்விட்சான ஐசொலேட்டரை இறக்குங்கள். ஓடுகிற கம்ப்ரஸரை மெயினில் வெட்டுவது பழக்கமாகிவிடக் கூடாது. ஐசொலேட்டரில் பூட்டுப் போட்டுச் சாவியை உங்கள் சட்டைப் பையில் வையுங்கள், "வேலை நடக்கிறது" என்று அட்டை தொங்கவிடுங்கள். வெந்நீர் வரவில்லை என்று கீழிருந்து ஒருவர் ஏறி வந்து ஸ்விட்சைத் தூக்கிவிடுவார், அவருக்கு நீங்கள் பின்பக்கம் குனிந்திருப்பது தெரியாது.

இன்வெர்ட்டர் யூனிட் என்றால் மெயின் அணைத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள். 415 வோல்ட் மூன்று பேஸ் உள்ளே டிசியாக மாறும்போது 580 வோல்ட்டைத் தாண்டும், அது பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கி நிற்கும். 10 நிமிடம் காத்திருந்து, யூனிட்டின் மேனுவல் சொல்லும் முனைகளில் மல்டிமீட்டரை டிசியில் வைத்து அளந்து, 50 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டது என்று பார்த்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். இந்த 10 நிமிடத்தைக் குறைக்க வழியே இல்லை, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும்.

அந்த நேரத்தில் சுற்றிப் பாருங்கள்

காத்திருக்கும் 10 நிமிடம் வீணில்லை. யூனிட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். போன முறை வந்தபோது இல்லாத ஏதாவது முளைத்திருக்கிறதா? உடைந்த கட்டில், பழைய மெத்தை, தண்ணீர் கேன், பிளெக்ஸ் பேனர், கொடிக்கயிற்றில் படுக்கை விரிப்பு எல்லாம் காயிலை ஒட்டியே வந்து சேரும், ஏனென்றால் மொட்டை மாடியில் நிழல் இருக்கும் இடம் அதுதான். யூனிட் வெயிலில் காய்கிறதே என்று நல்லெண்ணத்தில் தகரக் கூரை போட்டவர்களும் உண்டு. மேலே தள்ளிய குளிர்ந்த காற்று கூரையில் மோதித் திரும்பி, அதே காற்றைக் காயில் மறுபடி இழுக்கும். அந்தக் காற்றில் எடுக்கச் சூடே இருக்காது. எந்தப் பக்கம் எத்தனை இடைவெளி என்பது மேனுவலில் படத்தோடு இருக்கும், ஃபேனுக்கு நேர் மேலே மட்டும் திறந்த வானமாக இருப்பது நல்லது. சமையல்கூடத்தின் புகைக்குழாய் யூனிட் பக்கம் பார்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எண்ணெய்ப் பிசுக்கு ஃபின்னில் படிந்தால் வரும் தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும், வெறும் தண்ணீருக்கு அது போகாது.

காயில் கழுவுவது

இதுதான் முக்கியமான வேலை, நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

முதலில் உலர்வாகச் சுத்தம் செய்ய வேண்டும். பஞ்சும் தூசியும் இருக்கும் காயிலில் எடுத்தவுடன் தண்ணீர் அடித்தால் அது களியாகக் குழைந்து ஃபின்களுக்கு நடுவே இறங்கிவிடும், காய்ந்தால் சிமெண்ட் மாதிரி. பிரஷ்ஷை மேலிருந்து கீழாக, ஃபின் நிற்கும் திசையிலேயே இழுங்கள். குறுக்கே தேய்த்தால் ஃபின் மடங்கும், அலுமினியத் தகடு அவ்வளவு மெல்லியது. வேக்கம் இருந்தால் பிரஷ் முனை போட்டு உறிஞ்சுங்கள்.

பிறகு மேல் கிரில்லைக் கழற்றி, கண்ட்ரோல் பெட்டியையும் ஃபேன் மோட்டாரையும் பாலிதீன் போட்டு மூடுங்கள். காற்று வெளியிலிருந்து உள்ளே போகிறது, அதனால் அழுக்கு வெளி முகத்தில்தான் பிடித்திருக்கும். தண்ணீரை உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள், வந்த வழியே அழுக்கு திரும்பிப் போகும். உள்ளே குழாய் போகாத யூனிட் என்றால் வெளியிலிருந்து மேலிருந்து கீழாக, நேராக, சாய்க்காமல் ஊற்றுங்கள். கார் கழுவும் பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், ஒரு நொடியில் அடையடையாக ஃபின்னைச் சாய்த்துவிடும். வரும் தண்ணீர் தெளியும் வரை கழுவ வேண்டும், பெரிய யூனிட்டுக்கு அரை மணி நேரமாவது ஆகும்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் காயில் கிளீனர். அமிலமும் இல்லாத காரமும் இல்லாத வகை என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள், சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலந்து, சொன்ன நேரத்துக்கு மேல் ஊறவிடாமல், நன்றாக அலசுங்கள். காயில் பளபளக்க வேண்டும் என்று கழிப்பறை கழுவும் ஆசிட்டைக் கலந்து அடித்த ஒரு இடத்தைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வெள்ளி மாதிரி மின்னியிருக்கும். சில மாதத்தில் ஃபின் கையால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது, காயிலையே மாற்ற வேண்டி வந்தது. நீல நிறத்தில் பூச்சு இருக்கும் ஃபின்னில் அந்தப் பூச்சுதான் தண்ணீரை வழிய வைக்கிறது, உப்பையும் தடுக்கிறது, அதைச் சுரண்டிவிடக் கூடாது.

கழுவும் தண்ணீரையும் பாருங்கள். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுத் தண்ணீர் வீணாகிறதே என்று அதைக் கொண்டுவந்து கழுவுகிறார்கள். எண்ணம் நல்லது, ஆனால் அதில் உப்புதான் செறிந்திருக்கிறது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுங்கள். மடங்கிய ஃபின்களைச் சீப்பால் நிமிர்த்துங்கள். சீப்பின் பல் இடைவெளி உங்கள் காயிலுக்குப் பொருந்த வேண்டும், பொருந்தாததைப் போட்டு இழுத்தால் கிழியும். கழுவி முடித்ததும் பாலிதீனை எடுக்க மறக்காதீர்கள், எத்தனை ஷீட் போட்டோம் என்று எண்ணி எடுப்பது நல்ல பழக்கம்.

அடித்தட்டும் டிரெயினும்

ஏசிக்காரர்களுக்குப் புதிதாகத் தோன்றும் இன்னொன்று, இங்கே வெளி யூனிட்டில் தண்ணீர் சொட்டும். குளிர்ந்த காயிலில் காற்றின் ஈரம் படிந்து வழிகிறது, ஈரமான நாட்களில் பெரிய யூனிட்டில் மணிக்குப் பல லிட்டர் வரும். இது லீக் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் அந்தத் தண்ணீர் போக வழி வேண்டும். அடித்தட்டின் ஓட்டைகளில் வேப்பம்பூ, இலை, பாசி அடைத்துக்கொள்ளும். கையால் எடுத்துவிட்டு, ஒரு குவளை தண்ணீர் ஊற்றி முழுவதும் வடிகிறதா என்று பாருங்கள். டிரெயின் பைப்பைக் கழிவுநீர்க் குழாய் வரை சரிவாகக் கொண்டுபோயிருக்க வேண்டும், தளத்தில் அப்படியே விட்டால் பாசி பிடித்து அடுத்த முறை நீங்களே வழுக்கி விழுவீர்கள், கீழ் அறையின் கூரையில் ஓதம் இறங்கும். தேங்கிய நல்ல தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு மிகவும் பிடித்த இடம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும், அதனால் டெங்கு காலத்தில் வாரம் ஒருமுறை அடித்தட்டைப் பார்ப்பது கட்டாயம்.

ஃபேன், வயர், பைப்

ஃபேனைக் கையால் சுற்றுங்கள். சத்தமில்லாமல் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். கரகரவென்றால் பேரிங். பிளேடின் அடியில் விரிசல் இருக்கிறதா, தண்டில் பிடிக்கும் திருகு இறுக்கமா, கிரில்லில் உரசிய தடம் உண்டா என்று பார்த்தால் போதும். மோட்டார் மாற்றிய யூனிட் என்றால் சுற்றும் திசையைக் கட்டாயம் பாருங்கள், மூன்று பேஸ் மோட்டாரில் இரண்டு வயர் மாறினால் திசை மாறும், ஃபேன் சுற்றுவது போலவே இருக்கும், ஆனால் காற்று எதிர்த் திசையில் போகும், அளவும் குறையும்.

கண்ட்ரோல் பெட்டியைத் திறந்ததும் முதலில் வாசனை, பிறகு நிறம். கருகல் வாடை, பழுப்பேறிய வயர் முனை, உருகிய பிளாஸ்டிக் இருந்தால் அந்த முனை லூஸ். எல்லா முனைகளையும் இறுக்கிப் பாருங்கள், பலமாக முறுக்கித் திருகை உடைக்காதீர்கள். கான்டாக்டருக்குள் எறும்பு, போர்டின் மேல் செத்த பல்லி, மூலையில் குளவிக் கூடு எல்லாம் நம் ஊரில் சாதாரணம். இவை உள்ளே வந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்தால்தான் வேலை முடிந்தது. சுத்தம் செய்ய மென்மையான உலர்ந்த பிரஷ் போதும், போர்டில் ஈரத் துணி கூடாது. இன்வெர்ட்டர் போர்டு இணைந்திருக்கும்போது மெக்கர் (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைக்காதீர்கள், போர்டு போய்விடும். எர்த் வயர் பாடியோடு நன்றாகப் பிடித்திருக்கிறதா, துரு இல்லையா என்று கண்ணாலும் கையாலும் பாருங்கள்.

பைப்புகளில் தேட வேண்டியது எண்ணெய்த் தடம். கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து வரும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாகத் தெரியும். ஃப்ளேர் நட்டு, வால்வு மூடி, வெல்டிங் செய்த மூட்டு, காயிலின் வளைவுகள். சந்தேகம் வந்தால் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா பாருங்கள். வால்வுகளின் மூடி இருக்க வேண்டும், பலர் தொலைத்துவிடுகிறார்கள், அந்த மூடியும் ஒரு சீல்தான். இரண்டு செம்புக் குழாய்கள் அதிர்ந்து ஒன்றோடொன்று உரசுகின்றனவா? நடுவில் ரப்பர் வைத்துக் கட்டுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் ஓட்டை விழும். கறுப்பு இன்சுலேஷன் வெயிலில் வெடித்து உதிரும், புதிதாகப் போட்டு மேலே அலுமினியத் தகடோ வெயில் தாங்கும் டேப்போ சுற்றுங்கள். அப்படியே அடியில் அதிர்வு ரப்பர், நங்கூர போல்ட்.

தண்ணீர்ப் பக்கம் இந்தக் கட்டுரைக்கு வெளியே. ஆனால் உள்ளே வரும் லைனில் இருக்கும் வடிகட்டியான ஒய் ஸ்ட்ரெய்னரை அன்றே கழற்றிக் கழுவிவிடுங்கள், ஏனென்றால் அது அடைத்தால் தண்ணீர் ஓட்டம் குறைந்து ஹை பிரஷர் டிரிப் ஆகும், பழி வெளி யூனிட் மேல் விழும்.

திரும்ப ஓட்டி, எண்களைப் படிப்பது

காயில் வடிந்ததும், பெட்டிகளை மூடி, கிரில்லைப் பூட்டி, கூட வந்தவர் தள்ளி நிற்கிறார் என்று பார்த்துவிட்டு மெயினைப் போடுங்கள். முதலில் மூன்று பேஸ் வோல்ட்டேஜ். 420, 415, 395 என்று வருகிறதென்று வையுங்கள். சராசரி 410, அதிலிருந்து மிக விலகியது 395, விலகல் 15, 15ஐ 410ஆல் வகுத்தால் 3.7 சதவீதம். பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் 3.5 சதவீதம் ஏற்றத்தாழ்வுக்கே மோட்டார் சுருளின் சூடு ஏறும் அளவு கால் பங்கு கூடும் என்பது மோட்டார்க்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. 2 சதவீதத்துக்கு மேல் போனால் எலக்ட்ரீசியனிடம் சொல்லி லோடைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

20, 30 நிமிடம் நிலையாக ஓடிய பிறகு, முன்பு அளந்த அதே எண்களை அதே இடங்களில் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். தண்ணீர் வெப்பநிலையும் ஏறக்குறைய முன்பு இருந்த அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

ஆரம்பத்தில் சொன்ன குழப்பத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. உள்ளே போகும் காற்றுக்கும் ஃபேன் தள்ளும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். யூனிட் நன்றாக இருந்த நாளில் 30 டிகிரி காற்று உள்ளே போய் 23 டிகிரியாக வெளியே வந்தது, வித்தியாசம் 7 என்று நோட்டில் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். காயில் அடைத்திருந்தால் குறைவான காற்றுதான் உள்ளே போகும், போன காற்று இன்னும் அதிகமாகக் குளிர்ந்து வரும், வித்தியாசம் 10, 11 என்று கூடும். கேஸ் குறைந்திருந்தால் காற்று வழக்கம்போலப் போகும், ஆனால் சூட்டை எடுக்க உள்ளே ஆள் இல்லை, வித்தியாசம் 4, 3 என்று சுருங்கும். லோ பிரஷர் இரண்டிலும் இறங்கியிருக்கும், காற்றின் வித்தியாசம் மட்டும் எதிரெதிர்த் திசையில் போகும். ஃபேன் வேகம் குறைந்தாலும் அடைப்பு மாதிரியே காட்டும், அதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு சாதாரணத் தெர்மாமீட்டர் இதைச் சொல்லிவிடுகிறது.

பனியும் ஒரு சாட்சி. காற்று பத்தாத காயிலில் முகம் முழுவதும் பரவலாகப் பனி பிடிக்கும். கேஸ் பத்தாத காயிலில் கேஸ் நுழையும் பக்கத்துக் குழாய்களில் மட்டும் பனி, மிச்சம் உலர்ந்து கிடக்கும். காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் திறப்பைத் திரையில் காட்டும் யூனிட் என்றால், கேஸ் குறைவில் அது முழுவதும் திறந்தும் சூப்பர்ஹீட் (கேஸ் ஆவியான பிறகு மேலும் ஏறும் சூடு) அதிகமாகவே நிற்கும். இவை எல்லாம் கேஸ் குறைவு என்று ஒரே பக்கம் கை காட்டினால், அப்போது கேஜ் எடுங்கள். எடுத்த பிறகும் கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் ஏற்றாதீர்கள். மூடிய குழாய்க்குள் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகாது, குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஆர்410ஏ, ஆர்407சி இரண்டும் கலவைகள், சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் எடுக்க வேண்டும், தராசில் எடை பார்த்து.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

ஊரைப் பொறுத்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பக்கத்தில் இருக்கும் விடுதிக்கு மாதம் ஒருமுறை பிரஷ் போட்டாலும் பத்தாது, காற்றிலேயே பஞ்சு மிதக்கிறது. ஆடிக் காற்றில் கோவைப் பக்கம், பாலக்காட்டுக் கணவாய் காற்று அள்ளி வரும் தூசிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு பார்வை வேண்டும். கடலோரம், தூத்துக்குடியோ ராமேஸ்வரமோ சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையோ, தூசியைவிட உப்புதான் பகை. செம்புக் குழாயும் அலுமினிய ஃபின்னும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக வரும். அங்கே அழுக்குத் தெரிகிறதோ இல்லையோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் அலசுங்கள், துருப்பிடித்த திருகுகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுங்கள். மற்ற இடங்களில் வாரம் ஒரு கண்ணோட்டம், மாதம் ஒரு பிரஷ்ஷும் அலசலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின் முனைகள், வருடம் ஒருமுறை முழு வேலை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வேலை கிடைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மார்கழிக் குளிரில் காயிலில் பனி கட்டுவது அங்கே இயல்பு, யூனிட் தானே டிஃப்ராஸ்டுக்கு, அதாவது பனியை உருக்கும் வேலைக்குப் போகும். கேஸ் ஓடும் திசையை மாற்றும் நாலு வழி வால்வு "புஸ்ஸ்" என்று மாறும், ஃபேன் நிற்கும், சில நிமிடம் யூனிட்டிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பும். புகை என்று நினைத்து ஓடிப்போய் மெயினை அணைத்துவிடாதீர்கள். டிஃப்ராஸ்ட் முடிந்தும் பனி அடியில் கட்டியாக நின்றால் டிரெயின் அடைத்திருக்கிறதா, சென்சார் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஒருபோதும் குத்தி எடுக்கக் கூடாது, குழாய் ஓட்டையாகிவிடும்.

மலையில் சீசன் முடிந்து விடுதியை மூடும்போது ஹீட் பம்பின் மெயினையும் இறக்கிவிடுவார்கள். நின்ற கம்ப்ரஸருக்குள் கேஸ் மெல்லத் திரவமாகச் சேர்ந்து எண்ணெயோடு கலந்துவிடும், அப்படியே ஸ்டார்ட் செய்தால் எண்ணெய் நுரைத்து வெளியேறி கம்ப்ரஸர் உலர்ந்து ஓடும். இதைத் தடுக்கத்தான் கம்ப்ரஸர் அடியில் ஒரு சின்ன ஹீட்டர் இருக்கிறது, அதற்குக் கரண்ட் வேண்டும். நாள்கணக்கில் மெயின் இல்லாமல் கிடந்த யூனிட்டுக்கு முந்தின நாள் இரவே மெயினை மட்டும் போட்டு வைத்துவிட்டுக் காலையில் ஓட்டுங்கள். எத்தனை மணி நேரம் என்று மேனுவலில் இருக்கும், பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம்.

கரையோர ஊர்களில் ஐப்பசி பிறக்கும் முன் நங்கூர போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையில் கரை ஏறியபோதும், 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் அடித்தபோதும் காற்று எப்படி வீசியது என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் டேங்கை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டு யூனிட்டை நிறுத்தி, மெயினையும் இறக்கி, மாடியில் பறக்கக்கூடிய தகரம், பலகை, பேனர் எல்லாவற்றையும் கீழே கொண்டுபோய்விடுங்கள். புயல் கடந்தபின் காயிலை நல்ல தண்ணீரில் அலசி, கண்ட்ரோல் பெட்டிக்குள் ஈரம் போயிருக்கிறதா என்று திறந்து பார்த்து, நன்றாகக் காயவிட்டு, ஹீட்டருக்கு நேரம் கொடுத்து ஓட்டுங்கள். அன்றைய எண்களையும் நோட்டில் எழுதுங்கள்.